புள்ளிக்கு எண் கண்ட அறிஞர்

மலைமேல் ஏறிச் செல்லும் பாதை ஒன்றை இருவர் காண்கின்றனர். அது மிகச் செங்குத்தானது என்கிறார் ஒருவர். அத்துணைச் செங்குத்தானதன்று என்கிறார் மற்றவர். கண்ணால் மட்டும் மதிப்பிடுமிடத்துக் கருத்து வேறுபடுதல் இயல்பேயாகும். ஆயின், அப்பாதையில் இரண்டு இடங்களைத் தேர்ந்து, கிடையாக எத்தனை அடி சென்றால் எத்தனை அடி உயரம் ஏறுகிறது என்று அளந்துவிட்டால், வழக்கு அப்பொழுதே தீர்ந்துவிடும். ஏறிய உயரத்தைக் கிடையாகச் சென்ற தொலைவால் வகுத்து வரும் எண்ணே பாதையின் சாய்வு ஆகும். அரசன் கணக்கிட்டாலும் ஆண்டி கணக்கிட்டாலும் அவ்வெண் ஒன்றே.

பாதைக்குப் பொருந்தும் இம்முறை தாளில் வரையும் நேர்கோட்டிற்கும் பொருந்தும். கோட்டின்மேல் உள்ள இரு புள்ளிகளின் இடம் எண்களாகத் தெரிந்தாற் போதும். கோட்டை வரையாமலே அதன் சாய்வைச் சொல்லிவிடலாம். இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் சில நொடிகளில் செய்து முடிக்கும் இக்கணக்கு, பதினேழாம் நூற்றாண்டிற்கு முன்னர்ப் பேரறிஞர்களுக்கும் இவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை. புள்ளியை எண்ணாகவும் கோட்டைச் சமன்பாடாகவும் காணும் வழியை நூலாக அச்சிட்டு உலகிற்கு வழங்கியவர் ரெனே டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர். தாமே ஆராய்ந்து தெளிந்தாலன்றி எதனையும் ஏற்கலாகாது என்னும் உறுதியே அவர் வாழ்வின் அடிப்படை. அவ்வுறுதி அவருக்குப் பெரும்புகழைத் தந்தது. ஒரு காலத்தில் அவரையே சோதித்தும் பார்த்தது.

பிறப்பும் கல்வியும்

டேக்கார்ட் 1596ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள், பிரான்சு நாட்டின் தூரேன் பகுதியில் உள்ள லா ஏ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் யோவாக்கிம், பிரித்தானி மாநில நீதிமன்றத்தில் உறுப்பினராய் விளங்கியவர். குழந்தைக்கு ஈராண்டு நிரம்புமுன்னரே அன்னையார் இயற்கை எய்தினார். தாயைப் பெற்ற பாட்டியாரின் அரவணைப்பில் டேக்கார்ட் வளர்ந்தார். மெலிந்த உடலும் வறட்டு இருமலும் உடைய அக்குழந்தை நெடுநாள் வாழும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

ஏறத்தாழப் பத்து வயதளவில் அவர் லா பிளேச் என்னும் ஊரிலிருந்த ஏசு சபையாரின் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். பிரெஞ்சு மன்னர் நான்காம் என்றி நிறுவிய அக்கல்லூரி, ஐரோப்பாவின் சிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்று. சிறுவரின் உடல்நிலையைக் கண்ட ஆசிரியர்கள், ஏனைய மாணவர்போல் விடியற்காலையில் எழ வேண்டா என்று அவருக்கு விலக்களித்தனர். காலை நேரத்தில் படுக்கையில் இருந்தவாறே அமைதியாகச் சிந்திக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. அது வாழ்நாளின் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

இலத்தீனும் இலக்கியமும் மெய்ப்பொருளியலும் அவர் பயின்றார். ஆயினும், பயின்றவற்றுள் பெரும்பாலானவை அவர் உள்ளத்திற்கு நிறைவு தரவில்லை. ஒரு கருத்தை ஒரு பேராசிரியர் நிலைநாட்ட, அதனையே மற்றொரு பேராசிரியர் மறுத்தார். இருவரும் பழைய பெரியோர் பெயரையே சான்றாகக் காட்டினர். கணிதம் ஒன்றில் மட்டும் அந்நிலை இல்லை. முக்கோணம் ஒன்றின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதனை ஏற்பதற்கு எவர் பெயரும் வேண்டியதில்லை. நிறுவும் முறையைப் படிப்படியாகப் பின்பற்றினால் போதும். இத்துணை உறுதியான அடிப்படையின்மேல் உயர்ந்த மாளிகை ஒன்று ஏன் எழுப்பப்படவில்லை என்று இளைஞர் டேக்கார்ட் வியந்தார்.

1616ஆம் ஆண்டு புவாத்தியே பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். ஆயினும் தந்தையார் வழியில் நீதிமன்றம் புக அவர் விரும்பவில்லை. ஏட்டுக் கல்வியை நிறுத்தி, உலகம் என்னும் பெருநூலைக் கற்கப் புறப்பட்டார்.

போர்ப்பாசறையில் பிறந்த ஆர்வம்

1618ஆம் ஆண்டு அவர் ஆலந்து நாட்டிற்குச் சென்று, நாசோ மரபினராகிய மோரிசு இளவரசரின் படையில் சேர்ந்தார். பிரேடா நகரில் படை தங்கியிருந்தபொழுது, அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், ஈசாக்கு பேக்மன் என்பவரின் நட்பு வாய்த்தது. பேக்மன், டேக்கார்ட்டினும் ஏழாண்டு மூத்தவர். இயற்கை நிகழ்ச்சிகளைக் கணிதத்தால் விளக்க முடியும் என்ற நம்பிக்கை உடையவர். விழும் பொருளின் வேகம், நீரின் அழுத்தம், இசையில் சுரங்களின் விகிதம் ஆகியவற்றைப் பற்றி இருவரும் பேசிப் பேசி மகிழ்ந்தனர். உறங்கிக் கிடந்த டேக்கார்ட்டின் கணித ஆர்வம் விழித்தெழுந்தது. இசை பற்றித் தாம் எழுதிய சிறுநூலை அவர் புத்தாண்டுப் பரிசாகப் பேக்மனுக்கு அளித்தார்.

அடுத்த ஆண்டு அவர் செருமனி நாட்டில் இருந்தார். குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய அறை ஒன்றில் தனித்திருந்து சிந்தித்தார். 1619ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இரவு அவர் மூன்று கனவுகள் கண்டார். அறிவுத்துறைகள் யாவற்றையும் ஒரே முறையால் இணைக்கும் பணி தமக்கு உரியது என்று அக்கனவுகளுக்கு அவர் பொருள் கொண்டார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்து மூன்று.

அவர் வகுத்துக்கொண்ட முறை எளிமையானது. ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகத் தோன்றுவதனையே உண்மை எனக் கொள்ளுதல்; கடினமான சிக்கலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தல்; எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாகச் செல்லுதல்; விடுபட்டது ஏதுமில்லை என்று உறுதி பெறும்வரை மீண்டும் மீண்டும் சரிபார்த்தல் ஆகிய நான்குமே அம்முறையின் கூறுகள். கணக்குப் போடும் மாணவர் எவர்க்கும் இந்நான்கும் இன்றும் வேண்டப்படுவனவேயாம்.

இரு கலைகளின் இணைப்பு

அந்நாளில் கணிதம் இரு கிளைகளாகப் பிரிந்து கிடந்தது. கிரேக்கர் வளர்த்த வடிவியல் ஒரு கிளை. அரபு நாட்டார் வாயிலாக ஐரோப்பாவை அடைந்து வளர்ந்த இயற்கணிதம் மற்றொரு கிளை. வடிவியல் கண்ணுக்கு இனியது. ஆனால் ஒவ்வொரு வினாவிற்கும் புதிதாக ஓர் உத்தியைத் தேடவேண்டும். இயற்கணிதம் விதிப்படி இயங்குவது. ஆனால் அதன் குறியீடுகள் குழப்பமானவை. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப இயலும் என்று டேக்கார்ட் கண்டார்.

இவ்விணைப்பிற்குப் பெரியதொரு தடை இருந்தது. ஒரு கோட்டின் நீளத்தை மற்றொரு கோட்டின் நீளத்தால் பெருக்கினால் வருவது பரப்பு என்றே அதுவரை கருதப்பட்டது. மூன்று நீளங்களைப் பெருக்கினால் கனஅளவு வரும். நான்கு நீளங்களைப் பெருக்கினால் வருவது யாது? அதற்குரிய வடிவம் உலகில் இல்லை. ஆகவே, நீளத்தையும் பரப்பையும் கூட்டுதல் தகாது என்று அறிஞர்கள் தயங்கினர்.

டேக்கார்ட் இத்தடையை ஓர் எளிய கருத்தால் உடைத்தெறிந்தார். ஏதேனும் ஒரு நீளத்தை ஒன்று என்னும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவ்வலகைத் துணையாகக் கொண்டு, வடிவொத்த இரு முக்கோணங்களை வரைந்தால், இரு நீளங்களின் பெருக்குத்தொகையும் ஒரு நீளமாகவே கிடைத்துவிடும். வகுத்தல் ஈவும் ஒரு நீளமாகவே அமையும். இனி எத்தனை நீளங்களைப் பெருக்கினாலும் அச்சமில்லை. கோடுகள் எண்களைப்போல் இயங்கத் தொடங்கின.

குறியீடுகளையும் அவர் திருத்தி அமைத்தார். தெரிந்த அளவுகளுக்கு ஏ, பி, சி முதலிய முதலெழுத்துகளும், தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், ஒய், இசட் என்னும் இறுதி எழுத்துகளும் வழங்கும் மரபு அவர் நூலால் நிலைபெற்றது. ஓர் எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் சிறிய எண் இட்டு அடுக்கைக் குறிக்கும் முறையும் அவ்வாறே பரவிற்று. இன்று நம் ஏடுகளில் நாள்தோறும் எழுதும் சமன்பாடு, பெரும்பாலும் அவர் எழுதிய தோற்றத்திலேயே உள்ளது.

படுக்கையில் கிடந்த டேக்கார்ட் மேற்கூரையில் ஊர்ந்த ஈ ஒன்றைக் கண்டு, அதன் இடத்தை இரு சுவர்களிலிருந்து அளக்க எண்ணியதால் இக்கலை பிறந்தது என ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை. உண்மை அக்கதையினும் சிறப்புடையது. 1631ஆம் ஆண்டு, லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோலியசு, பப்பசு என்னும் பண்டைக் கணித அறிஞர் விட்டுச்சென்ற கடினமான வினா ஒன்றை டேக்கார்ட்டிடம் விடுத்தார். சில கோடுகளிலிருந்து குறிப்பிட்ட விகிதத்தில் விலகி நிற்கும் புள்ளிகள் யாவும் சேர்ந்து எவ்வடிவம் பெறும் என்பதே அவ்வினா. டேக்கார்ட் சில வாரங்கள் அயராது உழைத்தார். ஒரு கோட்டினை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியின் இடத்தை எக்ஸ், ஒய் என்னும் இரு நீளங்களால் குறித்தார். உடனே வடிவியல் வினா சமன்பாடாக மாறிற்று. பல நூற்றாண்டுகளாக முழுமையாகத் தீராத சிக்கலுக்கு வழி பிறந்தது.

மறைத்த நூலும் வெளியிட்ட நூலும்

1628ஆம் ஆண்டின் இறுதியில் டேக்கார்ட் ஆலந்து நாட்டிற் குடியேறி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். ஆரவாரமற்ற வாழ்க்கையை நாடி அவர் அடிக்கடி ஊர் மாறினார். உலகின் அமைப்பைப் பற்றிய பெருநூல் ஒன்றை அவர் எழுதி முடிக்கும் நிலையில் இருந்தபொழுது, 1633ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கலீலியோ தண்டிக்கப்பட்டார் என்ற செய்தி எட்டியது. பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்று கூறியதே கலீலியோ மீது சாட்டப்பட்ட குற்றம். டேக்கார்ட்டின் நூலும் அக்கருத்தையே உடையது. அவர் அதனை வெளியிடாது நிறுத்திவிட்டார். அது முழுமையாக அச்சேறியது அவர் மறைந்த பின்னரே. உண்மையை அறிதற்கு அறிவு வேண்டும். அதனை உரைத்தற்கு உரிய காலமும் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

ஆயினும் அவர் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. 1637ஆம் ஆண்டு லைடன் நகரில் அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அறிவை நன்கு செலுத்தும் முறையைப் பற்றிய உரை அதன் முற்பகுதி. அம்முறையின் பயனைக் காட்டுதற்கு மூன்று கட்டுரைகள் பின்னே சேர்க்கப்பட்டன. ஒன்று ஒளியின் விலகலைப் பற்றியது. மற்றொன்று வானவில் முதலிய வான நிகழ்ச்சிகளைப் பற்றியது. மூன்றாவது வடிவியல் பற்றியது. அறிஞர் மொழியாகிய இலத்தீனில் எழுதாது, தம் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே அவர் அந்நூலை எழுதினார். பழைய நூல்களை மட்டும் நம்புவோரைவிடத் தம் இயல்பான அறிவைக் கொண்டு சிந்திப்போரே தம்மை நன்கு அறிவர் என்பது அவர் நம்பிக்கை.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். இன்று நாம் வரையும் இரு செங்குத்து அச்சுகளும், குறை எண் கொண்ட புள்ளிகளும், சாய்வு என்னும் கலைச்சொல்லும் அவர் நூலில் இவ்வடிவில் இல்லை. அவர் இட்ட வித்து பின்வந்தோரால் மரமாயிற்று. இரு புள்ளிகளின் எண்களைக் கொண்டு நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதும் முறையைப் பாடநூற்குரிய தெளிவுடன் வகுத்தவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மோன்சு, லாக்ருவா முதலிய பிரெஞ்சு அறிஞர்கள். எனினும், டேக்கார்ட்டின் பெயரிலிருந்தே இவ்வெண்களுக்குக் கார்ட்டீசியன் ஆயத்தொலைகள் என்னும் பெயர் உண்டாயிற்று.

சாய்வு காணும் முறை

ஒரு தாளில் கிடையாக ஓர் அச்சும் அதற்குச் செங்குத்தாக மற்றோர் அச்சும் வரைவோம். அவை வெட்டும் இடம் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து வலப்புறம் செல்லும் அளவு கிடைத்தொலை; மேல்நோக்கிச் செல்லும் அளவு நிலைத்தொலை. ஒரு புள்ளியின் கிடைத்தொலை 2, நிலைத்தொலை 3 எனவும், மற்றொரு புள்ளியின் கிடைத்தொலை 6, நிலைத்தொலை 11 எனவும் கொள்வோம். முதற்புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளியை அடைய, கிடையாக 6இலிருந்து 2ஐக் கழித்த 4 அலகுகள் செல்லவேண்டும்; மேல்நோக்கி 11இலிருந்து 3ஐக் கழித்த 8 அலகுகள் ஏறவேண்டும். 8ஐ 4ஆல் வகுத்தால் 2 வரும். அதுவே அக்கோட்டின் சாய்வு. வலப்புறம் ஓர் அலகு சென்றால் இக்கோடு இரண்டு அலகுகள் உயர்கின்றது என்பது இதன் பொருள்.

கழிக்கும்பொழுது வரிசை பிறழ்தல் கூடாது. நிலைத்தொலையில் இரண்டாம் புள்ளியினின்று முதற்புள்ளியைக் கழித்தால், கிடைத்தொலையிலும் அவ்வாறே கழித்தல் வேண்டும். ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னுமாகக் கழித்தால், ஏறும் கோடு இறங்கும் கோடாகத் தோன்றிவிடும். இரண்டிலும் வரிசையை மாற்றினால் தீங்கில்லை, விடை மாறாது.

இனி, கிடைத்தொலை 9, நிலைத்தொலை 17 உடைய மூன்றாம் புள்ளி ஒன்று அக்கோட்டின்மேல் உள்ளதா என்று ஐயம் எழலாம். இரண்டாம் புள்ளியிலிருந்து அதற்குக் கிடையாக 3, மேல்நோக்கி 6, சாய்வு 2. முன்னைய சாய்வும் இதுவே. ஆகவே மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் உள்ளன. கிடைத்தொலை 8, நிலைத்தொலை 14 உடைய புள்ளிக்கோ, கிடையாக 2, மேல்நோக்கி 3, சாய்வு ஒன்றரை. அது கோட்டிலிருந்து சிறிதே விலகியது. கண் ஏமாறலாம், எண் ஏமாறாது. ஒரு கோட்டில் எந்த இரு புள்ளிகளைக் கொண்டாலும் சாய்வு மாறாமைக்குக் காரணம், அப்புள்ளிகளால் அமையும் முக்கோணங்கள் யாவும் வடிவொத்திருத்தலே. டேக்கார்ட் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் துணையாகக் கொண்டதும் அவ்வுண்மையே.

வலப்புறம் செல்லச் செல்ல இறங்கும் கோட்டிற்குச் சாய்வு குறை எண்ணாகும். கிடைக்கோட்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதன் சாய்வு சுழியம். செங்குத்துக் கோட்டிலோ கிடைத்தொலை வேறுபாடே சுழியமாகின்றது. சுழியத்தால் வகுத்தல் இயலாது. ஆகவே அக்கோட்டிற்குச் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை.

பெர்மாவுடன் எழுந்த வழக்கு

டேக்கார்ட் தம் நூலை வெளியிட்ட காலத்தில், பிரான்சு நாட்டின் தூலூசு நகரில் பியேர் டி பெர்மா என்னும் நீதிமன்ற அலுவலர் இருந்தார். ஓய்வு நேரத்தில் கணிதம் பயில்வதே அவர்க்கு இன்பம். முதற்படிச் சமன்பாடு ஒவ்வொன்றும் ஒரு நேர்கோட்டைக் குறிக்கும் என்பதனை அவர் தாமாகவே கண்டு, தம் கையெழுத்துப்படியில் தெளிவாக எழுதியிருந்தார். ஆயின் அவர் நூல் அச்சிடும் இயல்பினரல்லர். அக்கையெழுத்துப்படி அச்சானது, அவர் மறைந்த பின்னர் 1679ஆம் ஆண்டிலேயே.

டேக்கார்ட்டின் ஒளி பற்றிய கட்டுரையில் பெர்மா சில குறைகளை எடுத்துரைத்தார். டேக்கார்ட்டிற்குச் சினம் மூண்டது. அவ்வேளையில், வளைகோடு ஒன்றிற்கு ஒரு புள்ளியில் தொடுகோடு காண்பதற்குப் பெர்மா வகுத்த முறை அவர் பார்வைக்கு வந்தது. வளைகோட்டின் சாய்வு இடத்திற்கு இடம் மாறுபடும். குறித்த ஒரு புள்ளியில் அதன் சாய்வைக் காண்பதெங்ஙனம்? இரு புள்ளி இருந்தாலன்றோ கழித்து வகுக்கலாம்? பெர்மா அப்புள்ளிக்கு மிக அருகே மற்றொரு நிலையை எடுத்துக்கொண்டு, இரண்டிற்கும் உள்ள மிகச் சிறு வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவந்து, வேண்டிய வகுத்தலைச் செய்தபின் அவ்வேறுபாட்டை நீக்கிவிடுவார். டேக்கார்ட்டின் முறையோ வேறு. அவர் அப்புள்ளியில் வளைகோட்டைத் தொடும் வட்டம் ஒன்றைத் தேடி, அதன் வாயிலாகத் தொடுகோட்டைக் கண்டார். அது செம்மையான முறைதான். ஆனால் கணக்கு நீண்டுவிடும்.

பெர்மாவின் முறை பொருந்தாது என்று டேக்கார்ட் கடுமையாகச் சாடினார். ரோபர்வால் முதலியோர் பெர்மாவிற்குத் துணைநின்றனர். முடிவில், டேக்கார்ட் புதியதொரு வளைகோட்டை அமைத்து, அதற்குத் தொடுகோடு காணுமாறு அறைகூவல் விடுத்தார். இலை போன்ற கண்ணி ஒன்றை உடைய அக்கோடு இன்றும் டேக்கார்ட்டின் இலை என வழங்கப்படுகிறது. பெர்மா எளிதாக விடை கண்டார்.

அந்நிலையில் டேக்கார்ட் என்ன செய்தார்? அவருடைய பெயர் ஐரோப்பா எங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. எதிரியோ நூல் ஒன்றையும் அச்சிடாதவர். ஆயினும் கணக்கு ஆளைப் பார்ப்பதில்லை. விடை சரி என்று கண்டபின் அதனை மறுத்தல், தாம் உலகிற்குக் கற்பித்த முறையையே மறுத்தலாகும். 1638ஆம் ஆண்டு அவர் பெர்மாவிற்கு மடல் எழுதி, அம்முறை நன்றே என ஒப்புக்கொண்டார். அவர் உள்ளத்தில் எழுந்த கசப்பு முற்றும் அடங்கியதென்று சொல்வதற்கில்லை. தமக்கு முதலில் ஊக்கமூட்டிய பேக்மனிடத்தும் ஒரு காலத்தில் அவர் நன்றி குன்றப் பேசியதுண்டு. பெரியோரிடத்தும் இத்தகைய குறைகள் உள. எனினும், உண்மைக்கு முன் தம் தலையைத் தாமே தாழ்த்திய அச்செயல் அவர்க்கு இழுக்கன்று, பெருமையே.

இறுதி நாள்கள்

டேக்கார்ட் மணம் புரிந்துகொள்ளவில்லை. ஆலந்தில் எலேனா என்னும் பெண்மணியின் வாயிலாக, 1635ஆம் ஆண்டு பிரான்சீன் என்னும் பெண்மகவு அவர்க்குப் பிறந்தது. அக்குழந்தையின் மேல் அவர் பேரன்பு கொண்டிருந்தார். பிரான்சு நாட்டிற் கல்வி அளிக்க எண்ணியிருந்தார். 1640ஆம் ஆண்டு, ஐந்தே வயதில், அது செங்காய்ச்சலால் இறந்தது. அறிவின் உறுதியைப் பெரிதும் போற்றிய அவர் அன்று ஆற்றாது அழுதார்.

அதன் பின்னர் மெய்ப்பொருளியல் நூல்களை அவர் வரிசையாக வெளியிட்டார். 1649ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அரசியார் கிறித்தீனா தமக்குப் பாடம் சொல்ல அவரை அழைத்தார். தயக்கத்துடன் அவர் ஸ்டாக்கோம் நகர் சென்றார். அரசியார் பாடம் கேட்கக் குறித்த நேரம் விடியற்காலை ஐந்து மணி. இளமைமுதல் காலையில் எழாது பழகிய மெலிந்த உடல், வடநாட்டுக் கடுங்குளிரில் அந்நேரம் அரண்மனை செல்ல நேர்ந்தது. தம்மைத் தங்கவைத்திருந்த பிரெஞ்சுத் தூதர் சானு நோயுற்றபொழுது, டேக்கார்ட் அருகிருந்து பணிபுரிந்தார். தூதர் பிழைத்தார், டேக்கார்ட் நுரையீரல் அழற்சியால் வீழ்ந்தார். 1650ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், ஐம்பத்து நான்கு அகவை நிரம்புமுன் அவர் உயிர் நீத்தார். 1666ஆம் ஆண்டு அவர்தம் எலும்புகள் பிரான்சு நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டன. அவர் பிறந்த ஊர் இன்று டேக்கார்ட் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

வழிவழி வந்த பயன்

டேக்கார்ட் தம் வடிவியல் நூலை வேண்டுமென்றே சுருக்கமாக எழுதினார். கண்டறியும் இன்பத்தைப் படிப்போர்க்கும் விட்டுவைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆலந்து நாட்டுப் பேராசிரியர் வான் ஸ்கூட்டன் அதனை இலத்தீனில் பெயர்த்து, விளக்கங்களுடன் 1649ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்பதிப்பின் வாயிலாகவே அது பலருக்கும் விளங்கிற்று. இங்கிலாந்தில் இளைஞர் நியூட்டன் அதனைப் பயின்றார். டேக்கார்ட் தந்த எண்களும், பெர்மா காட்டிய அருகருகான புள்ளிகளும் சேர்ந்து, நியூட்டன், லைப்னிட்சு ஆகியோர் கையில் நுண்கணிதமாக மலர்ந்தன.

சாய்வு வெறும் கோட்டின் அளவு மட்டுமன்று. புகைவண்டி ஒன்று புறப்பட்ட 2 மணியில் 80 கிலோமீட்டரும், 5 மணியில் 200 கிலோமீட்டரும் கடந்திருந்தால், காலத்தைக் கிடையாகவும் தொலைவை நிலையாகவும் குறித்து, 120ஐ 3ஆல் வகுத்துப் பெறும் 40 என்னும் சாய்வே, அவ்விடைக்காலத்தில் அது மணிக்குச் சென்ற சராசரி வேகம். 1929ஆம் ஆண்டு அமெரிக்க வானியல் அறிஞர் அபிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் தொலைவையும் அவை விலகும் வேகத்தையும் புள்ளிகளாகக் குறித்தார். அவற்றின் ஊடே அவர் வரைந்த கோடு, அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்பதற்குச் சான்றாயிற்று. ஆயினும் அவர் கண்ட சாய்வு, இன்று நாம் அறிந்த அளவினும் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதி. வகுத்தலில் பிழையில்லை, தொலைவை அளந்ததில் பிழை இருந்தது. புள்ளி பிழைபடின் சாய்வும் பிழைபடும். எடுத்த எண்களையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும் என்னும் டேக்கார்ட்டின் அறிவுரை அங்கும் தேவைப்பட்டது.

நம் ஏட்டில் இரு புள்ளிகளைக் குறித்து, கழித்து, வகுத்துச் சாய்வைக் காணும்பொழுது, விடையை ஆசிரியர் சொன்னார் என்பதற்காக நாம் ஏற்பதில்லை. நாமே கண்டு ஏற்கிறோம். அதனை மற்றிரு புள்ளிகளைக் கொண்டு சரிபார்க்கவும் செய்கிறோம். டேக்கார்ட் மாணவர்க்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அவ்வுரிமையே. தம் கணக்குத் தவறெனத் தெரிந்தால் திருத்திக்கொள்ளுதலும், பிறர் கணக்குச் சரியெனக் கண்டால் அவர் யாராயினும் ஒப்புக்கொள்ளுதலும் அவ்வுரிமையோடு பிறந்த கடமைகளாகும்.